சேராத கோடுகளுக்கு ஏன் இணைகோடு என்று பெயர்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளுக்கு வகுப்புத் தேர்வில் இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. முதல் படத்தில் ஒன்றையொன்று தொடாத இரண்டு கோடுகள். இவை இணையா என்று கேள்வி. "ஆம், சேரவில்லை" என்று எழுதியிருக்கிறாள். இரண்டாவது படத்தில் பெருக்கல் குறி மாதிரி சாய்வாக வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள், வெட்டும் இடத்தில் ஒரு குட்டிச் சதுரம். இவை செங்குத்தா என்று கேள்வி. "இல்லை, இரண்டும் சாய்ந்திருக்கின்றன" என்று எழுதியிருக்கிறாள். இரண்டுக்கும் மதிப்பெண் இல்லை. "இணைகோடு என்றால் சேராத கோடு, செங்குத்து என்றால் நேராக நிற்கும் கோடு என்று நான்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்தேன், இதில் என்ன தப்பு, டீச்சரிடம் போய்க் கேட்கலாமா" என்று முடித்திருக்கிறீர்கள். மதிப்பெண் விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, இந்த இரண்டு சொற்களையும் குழந்தை எதைப் பிடித்துக்கொண்டு புரிந்துகொள்வது என்பதுதான்.

நான் 26 ஆண்டுகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை கணக்குப் பாடம் எடுத்தவன். உங்கள் மகள் எழுதிய அந்த இரண்டு விடைகளையும் நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். எழுதியவர்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே முதலில் கவலையை விடுங்கள்.

செங்குத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தத் தவறில் உங்கள் மகளைவிடத் தமிழுக்குப் பங்கு அதிகம். செங்குத்தான பாறை, செங்குத்தான மலைப்பாதை, ராக்கெட் செங்குத்தாக மேலே எழுந்தது என்றுதான் நாம் பேசுகிறோம், செய்தித்தாளிலும் படிக்கிறோம். அங்கெல்லாம் அதற்குப் பொருள் தரையிலிருந்து நிமிர்ந்து நிற்பது. கணக்குப் புத்தகம் அதே சொல்லை எடுத்து வேறு வேலை கொடுத்துவிட்டது. நிமிர்ந்து நிற்பதைச் சொல்லப் புத்தகத்தில் நிலைக்குத்து, நேர்க்குத்து என்று தனிச்சொற்கள் இருக்கின்றன. செங்குத்து என்பது உறவுச் சொல். அண்ணன் என்கிற சொல் மாதிரி. "இவன் உயரமானவன்" என்று ஒருவனை மட்டும் பார்த்துச் சொல்லிவிடலாம். "இவன் அண்ணன்" என்றால் யாருக்கு அண்ணன் என்று கேட்போம் இல்லையா? "இந்தக் கோடு செங்குத்து" என்று யாராவது சொன்னாலும் அப்படித்தான், எதற்குச் செங்குத்து என்று கேட்க வேண்டும். ஓர் இரும்பு ஏணியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். அதன் படிகள் இரண்டு பக்கக் கால்களுக்கும் செங்குத்து. ஏணியை இன்னும் சாய்த்தாலும், தரையில் படுக்கப் போட்டாலும், தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாலும் படிக்கும் காலுக்கும் இடையே உள்ள 90 பாகை அப்படியே இருக்கிறது. தரைக்கு அதில் வேலையே இல்லை. உங்கள் மகள் இரண்டு கோடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடாமல், இரண்டையும் நோட்டின் அடி ஓரத்தோடு ஒப்பிட்டிருக்கிறாள். தவறு அவ்வளவுதான். வகுப்பில் நான் செய்தது ஒன்றுதான்: "நோட்டைத் திருப்பிப் பார்." ஒரு பக்கத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால் ஏதோ ஒரு நிலையில் அந்தப் பெருக்கல் குறி கூட்டல் குறியாக மாறும். கோடுகள் மாறவில்லை, நாம் பார்த்த கோணம்தான் மாறியது என்று பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது இணை. இங்கேயும் சொல் கொஞ்சம் விளையாடுகிறது. ஒரு முறை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், இணையவே இணையாத கோடுகளுக்கு ஏன் சார் இணைகோடு என்று பேர்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் யோசித்தபோது நியாயமான கேள்வி என்று தெரிந்தது. இணைதல் என்றால் சேர்தல். ஆனால் இணை என்றால் ஜோடி, நிகர் என்றும் பொருள். "அவனுக்கு இணை யாரும் இல்லை" என்கிறோமே, அந்த இணை. ஒன்றுக்கொன்று நிகராக, ஒரே இடைவெளியில் கூடவே போகும் ஜோடி என்று எடுத்துக்கொண்டால் பெயர் பொருந்திவிடுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் சமாந்தரக் கோடுகள் என்பார்கள். சம அந்தரம், அதாவது சம இடைவெளி. அந்தச் சொல்லில் இந்தக் குழப்பம் வராது. சொல்லப்போனால் 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் சமக்குறியை முதன்முதலில் அச்சில் போட்டபோது இரண்டு இணைகோடுகளைத்தான் வரைந்தார். இதைவிடச் சமமான இரண்டு பொருட்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

சரி, "சேராத கோடு" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது தப்பா? முழுத் தப்பு இல்லை. அதில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது: "எவ்வளவு நீட்டினாலும்". காகிதத்தில் வரைவது கோட்டுத்துண்டுதான். கோடு என்று கணக்கில் சொல்வது இருபுறமும் முடிவில்லாமல் போவது. படத்தில் தெரியும் துண்டுகள் சேரவில்லை என்பது கேள்விக்குப் பதில் ஆகாது. அவற்றை நீட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. நீங்களே அளந்து எழுதியிருக்கிறீர்கள்: துண்டுகளின் நீளம் 5 சென்டிமீட்டர், ஒரு முனையில் இடைவெளி 3 சென்டிமீட்டர், மறுமுனையில் 2.7. அதாவது 5 சென்டிமீட்டர் போவதற்குள் இடைவெளி 0.3 குறைந்திருக்கிறது. மீதி 2.7 குறைய இன்னும் 45 சென்டிமீட்டர் போதும். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அந்தப் பக்கத்தை வைத்து, நீளமான அளவுகோலால் இரண்டு கோடுகளையும் நீட்டச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட அரை மீட்டருக்குள் அவை முட்டிக்கொள்வதை அவளே பார்ப்பாள். என் அனுபவத்தில் இந்த ஒரு காரியம் நான் பலகையில் பத்து முறை சொன்னதைவிட அதிகம் வேலை செய்திருக்கிறது.

ஆனால் இங்கேதான் உண்மையான சிக்கல் தலைகாட்டுகிறது. உங்கள் படத்தில் சாய்வு மூன்று பாகைக்கு மேல் இருக்கிறது, அதனால் தரையில் பிடிபட்டது. இரண்டு கோடுகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி, சாய்வு வித்தியாசம் ஒரே ஒரு பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை சந்திக்க ஏறக்குறைய 2.86 மீட்டர் போக வேண்டும். அரைப் பாகை என்றால் 5.7 மீட்டர். பெட்டியில் இருக்கும் கோணமானியில் அரைப் பாகையைப் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். இன்னும் குறைவாகச் சாய்ந்திருந்தால் தெருமுனை வரை போக வேண்டியிருக்கும். கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து "சேரவில்லை" என்று சொல்ல யாராலும் முடியாது, ஏனென்றால் கடைசி என்று ஒன்று இல்லை. அப்படியானால் இரண்டு கோடுகள் இணை என்று நாம் எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்? எங்கேயோ தொலைவில் நடக்கப்போவதை இங்கே, நம் கைக்கு எட்டும் இடத்தில் சோதிக்க ஒரு வழி வேண்டும். அந்த வழி கோணம். அதிலும் எளிதானது செங்கோணம். புத்தகத்தில் இணையும் செங்குத்தும் தனித்தனித் தலைப்புகளாக வருவதால் பிள்ளைகள் இரண்டையும் எதிரெதிர்க் கட்சிகள் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும். செங்குத்தைக் கொண்டுதான் இணையைப் பிடிக்க முடியும் என்பதை நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன், கற்பிக்கத் தொடங்கிப் பல வருடம் ஆன பிறகு.

இதற்குத் தமிழ் எழுத்தே போதும். 'ட' எழுதச் சொல்லுங்கள். படுத்த கோட்டின் முனையில் ஒரு கோடு நிற்கிறது. அது செங்குத்து. இப்போது அதே படுத்த கோட்டின் மறுமுனையிலும் ஒரு கோடு நிறுத்துங்கள். 'ப' ஆகிவிட்டது. 'ப'வின் இரண்டு கைகளும் அடிக்கோட்டுக்குச் செங்குத்து என்றால், அவை ஒன்றுக்கொன்று இணை. ஒரு கை கொஞ்சம் உள்ளே சாய்ந்தால் மேலே எங்கேயோ முட்டும். வெளியே சாய்ந்தால் கீழே, அடிக்கோட்டைத் தாண்டி நீட்டும்போது முட்டும். இரண்டும் சரியாக 90 என்றால் எந்தப் பக்கமும் முட்ட வழியில்லை. ஏன் என்று ஏழாம் வகுப்புக் குழந்தைக்கும் சொல்லிவிடலாம். இரண்டு கைகளையும் கீழேயும் நீட்டினால், 'ப'வின் அடிக்கோட்டுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றே. மேலே ஓரிடத்தில் முட்டினால் கீழேயும் அதே தூரத்தில் முட்டியாக வேண்டும். இரண்டு நேர்க்கோடுகள் இரண்டு வெவ்வேறு புள்ளிகளில் வெட்டிக்கொள்ள முடியுமா? முடியாது. அப்படியானால் எங்கேயும் முட்டவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் இரண்டு மூன்று பிள்ளைகளின் முகம் மாறும் பாருங்கள், அதற்காகவே ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தை எதிர்பார்ப்பேன்.

இதையே காகிதத்தை மடித்தும் காட்டலாம். ஓரம் எதுவும் நேராக இல்லாதபடி கிழித்த ஒரு தாளை எடுங்கள். எப்படியாவது ஒரு மடிப்பு மடித்துப் பிரியுங்கள். அந்த மடிப்புத் தடம் ஒரு நேர்க்கோடு. இப்போது அந்தத் தடம் தன் மேலேயே படியும்படி இன்னொரு மடிப்பு போடுங்கள். பிரித்தால் முதல் தடத்துக்குச் செங்குத்தாக ஒரு தடம் கிடைத்திருக்கும். கோணமானி தேவைப்படவில்லை. இருபுறத்துக் கோணங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன, இரண்டும் சேர்ந்து 180, ஆகவே ஒவ்வொன்றும் 90. இப்போது இரண்டாவது தடத்தைத் தன் மேலேயே படிய வைத்து, வேறோர் இடத்தில் மூன்றாவது மடிப்பு போடுங்கள். முதல் தடமும் மூன்றாவது தடமும் இணை. அந்த 'ப'தான், காகிதத்தில். டி. சுந்தர ராவ் என்பவர் 1893இல் இப்படிக் காகித மடிப்பு வழியாகவே வடிவியல் கற்பிக்கும் ஓர் ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். 1901இல் சிகாகோவில் அது மறுபடியும் அச்சாகி உலகம் சுற்றியது. நம் ஊரில் பிறந்த முறை நம் வகுப்பறைகளில் குறைவாகவே புழங்குகிறது என்பது என் வருத்தம்.

ஜியாமெட்ரி பாக்ஸில் இரண்டு மூலைமட்டங்கள் இருக்கும், செட் ஸ்கொயர் என்று பிள்ளைகள் சொல்வது. பெட்டியிலேயே வருடக் கடைசி வரை கீறல் விழாமல் இருக்கும் பொருள் அதுதான். அளவுகோலை அசையாமல் பிடித்து, மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தை அதோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் வழியாக ஒரு கோடு. மட்டத்தைத் தள்ளி இன்னொரு கோடு. இரண்டும் இணை. ஏன்? தள்ளும்போது மட்டத்தின் கோணம் மாறவில்லை. 90 பாகை மூலையை வைத்துத் தள்ளினால் 'ப'. 45 பாகை மூலையை வைத்தாலும் 60 பாகை மூலையை வைத்தாலும் கோடுகள் சாய்வாக வரும், ஆனால் இணையாகத்தான் வரும். இதைச் செய்துவிட்ட குழந்தைக்கு ஒத்த கோணங்கள் (இரண்டு கோடுகளை ஒரே கோடு வெட்டும்போது இரண்டு இடத்திலும் ஒரே நிலையில் வரும் கோணங்கள்) பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியதில்லை, பெயர் மட்டும் சொன்னால் போதும். மட்டமே சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு கோட்டின் மேல் வைத்து ஒரு செங்குத்து வரையுங்கள், மட்டத்தைக் கவிழ்த்து வைத்து அதே புள்ளியில் இன்னொன்று வரையுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. நடுவில் கீற்று மாதிரி இடைவெளி தெரிந்தால் அதில் பாதி மட்டத்தின் பிழை. தச்சர்கள் தங்கள் மட்டத்தை இப்படித்தான் சோதிப்பார்கள். ஏறக்குறைய கி.மு. 300இல் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் செங்கோணத்துக்குக் கொடுத்த வரையறையும் இதுதான்: ஒரு கோட்டின் மேல் நிற்கும் இன்னொரு கோடு இருபுறமும் சமமான கோணங்களை உண்டாக்கினால் அவை செங்கோணங்கள். 90 என்ற எண்ணே அந்த வரையறையில் கிடையாது.

குறுக்குவெட்டி, அதாவது இரண்டு கோடுகளையும் குறுக்கே வெட்டும் கோடு, பற்றிய பாடம் இனிமேல்தான் அவளுக்குச் சூடு பிடிக்கும், அதனால் அங்கே விழக்கூடிய இரண்டு குழிகளை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஒன்று, எது தெரிந்தது, எது தெரிய வேண்டியது என்பதைத் தலைகீழாகப் பிடிப்பது. "கோடுகள் இணை என்றால் ஒத்த கோணங்கள் சமம்" ஒரு கூற்று. "ஒத்த கோணங்கள் சமம் என்றால் கோடுகள் இணை" வேறொரு கூற்று. மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் நனைந்திருந்தால் மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? அம்மா வாசல் தெளித்திருக்கலாம். இந்தப் பாடத்தில் இரண்டு திசையும் உண்மை என்பதால் குழந்தைகள் தப்பித்துவிடுகிறார்கள், ஆனால் கேள்வியில் கொடுத்தது எது என்று பார்க்காமல் எழுதினால் நிரூபணம் வட்டமடிக்கும். இன்னொன்று, "குத்தெதிர்க் கோணங்கள் சமம், எனவே இணை" என்று எழுதுவது. எந்த இரண்டு கோடுகள் வெட்டினாலும் குத்தெதிர்க் கோணங்கள், அதாவது வெட்டும் புள்ளியில் எதிரெதிரே இருக்கும் கோணங்கள், சமம்தான். அது இணையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இணைக்குச் சாட்சி வேண்டுமென்றால் ஒரு கோணம் முதல் கோட்டிலிருந்தும் இன்னொரு கோணம் இரண்டாவது கோட்டிலிருந்தும் வர வேண்டும். அந்தக் கோணங்களைப் படத்தில் அடையாளம் காண இசட் வடிவம், எஃப் வடிவம் என்று சொல்லித்தரும் குறுக்குவழியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த எழுத்து கவிழ்ந்தும் திரும்பியும் கிடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் செங்குத்தில் நடந்ததே இங்கேயும் நடக்கும்.

இடைவெளி என்று சொன்னேனே, அதிலும் செங்குத்து ஒளிந்திருக்கிறது. இரண்டு இணைகோடுகளுக்கு இடையிலான தூரத்தை எந்தத் திசையில் அளப்பது? சாய்வாக அளந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் வரும். ஆகக் குறைந்த தூரம் செங்குத்தாக அளக்கும்போதுதான் கிடைக்கும், அதைத்தான் தூரம் என்கிறோம். இந்திய அகல ரயில் பாதையில் தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். அதை அளக்கும் கருவியைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே நேராக வைக்க வேண்டும், கோணலாக வைத்தால் தப்பாகக் காட்டும். இணைகோட்டுக்கு எல்லோரும் சொல்லும் உதாரணமும் தண்டவாளம்தான். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வளைவில் அது நேர்க்கோடே இல்லை என்பதையும், நேரான இடத்தில் நின்று பார்த்தால் தூரத்தில் இரண்டும் சேர்வது போலக் கண்ணுக்குத் தெரியும் என்பதையும் கூர்மையான ஒரு குழந்தை கேட்கும். இரண்டாவதுக்குப் பதில், அது கண்ணின் வேலை என்பதுதான். தூரம் கூடக் கூட அதே 1676 மில்லிமீட்டர் சிறிதாகத் தெரிகிறது. ஏணி இதைவிட நல்ல உதாரணம் என்று எனக்குத் தோன்றுகிறது, அதிலும் மூங்கில் ஏணி. அது மேலே போகப் போகக் குறுகும். அதன் படிகள் ஒன்றுக்கொன்று இணை, கால்கள் இணை இல்லை. இரண்டையும் ஒரே பொருளில் காட்டிவிடலாம்.

வீட்டுப் பக்கத்தில் எங்காவது கட்டட வேலை நடந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மூலையில் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலை சரி என்று கொத்தனார் பார்ப்பார். அறை 12க்கு 9 என்றால் மூலைக்கு மூலை 15 அடி வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கிறதா என்றும் இழுத்துப் பார்ப்பார்கள். எதிர்ச்சுவர்கள் சம நீளம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டுமே இது போதும். பக்கங்கள் சமமில்லாமல் மூலைவிட்டம் மட்டும் சமமாக இருந்தால் அது இருசமபக்கச் சரிவகமாகக்கூட இருக்கலாம்.

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் வரும்போது சாய்வு என்ற பெயரில் இதே கதை திரும்ப வரும். இணை என்றால் சாய்வுகள் சமம், செங்குத்து என்றால் சாய்வுகளின் பெருக்கல் பலன் -1. பெரும்பாலான பிள்ளைகள் அந்த -1 எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே தேர்வு எழுதிவிடுகிறார்கள். கட்டம் போட்ட நோட்டில் ஒரு புள்ளியிலிருந்து 3 கட்டம் வலது, 2 கட்டம் மேலே போய்க் கோடு போடுங்கள். மேலே போனதை வலதுபுறம் போனதால் வகுப்பதுதான் சாய்வு, இங்கே 2/3. இப்போது நோட்டைக் கால் சுற்று இடதுபுறமாகத் திருப்பினால், வலதுபுறம் போன 3 மேலே போகிறது, மேலே போன 2 இடதுபுறம் போகிறது. புதிய சாய்வு -3/2. இரண்டையும் பெருக்குங்கள், -1. எண்கள் இடம் மாறியதும் ஒரு குறி மாறியதும்தான் நடந்தது. ஒரு விலக்கு உண்டு: எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் செங்குத்துதான், ஆனால் நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை, ஆகவே பெருக்கிப் பார்க்க முடியாது.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது நாம் வைத்துக்கொண்ட வழக்கம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஒரு கோடு தனக்குத் தானே இணையா? எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காதவை என்ற வரையறைப்படி இல்லை, ஏனென்றால் தன்னை அது எல்லாப் புள்ளியிலும் சந்திக்கிறது. சாய்வுகள் சமமானவை என்ற வரையறைப்படி ஆம். இரண்டு வழக்கமும் கணக்கில் இருக்கின்றன, யாரும் தப்பு இல்லை. பள்ளித் தேர்வுக்கு முதல் வழக்கத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. உதாரணமாக 2எக்ஸ் + 3ஒய் = 6 என்பதும் 4எக்ஸ் + 6ஒய் = 12 என்பதும் பார்வைக்கு இரண்டு சமன்பாடுகள், வரைந்தால் ஒரே கோடு. சாய்வு சமம் என்று பார்த்ததும் இணை என்று எழுதிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

அப்புறம், இவை எல்லாமே ஒரே தளத்தில், அதாவது ஒரே தாளில் இருக்கும் கோடுகளுக்குத்தான். உங்கள் அறையின் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர் விளிம்புகளும் தரையில் ஒரு மூலையில் கூடுகின்றன, அங்கிருந்து மூன்றாவது விளிம்பு மேலே போகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அப்படியானால் ஒரே கோட்டுக்குச் செங்குத்தான இரண்டு கோடுகள் இணை என்ற நம் 'ப' விதி இங்கே பொய்த்துவிட்டதா? தாளை விட்டு வெளியே வந்தால் அந்த விதிக்குப் பொறுப்பில்லை. அதேபோல, கிழக்குச் சுவரின் அடி விளிம்பும் வடக்குச் சுவரின் மேல் விளிம்பும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது, ஆனால் அவை இணையும் இல்லை. இதனால்தான் வரையறையில் "ஒரே தளத்தில்" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏழாம் வகுப்பில் யாரும் அந்தச் சொல்லைக் கவனிப்பதில்லை.

தாள் தட்டையாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. உலக உருண்டையில் பூமத்திய ரேகையை அடிக்கோடாக வைத்து ஒரு 'ப' போடுங்கள். மதுரைக்குச் சற்று மேற்கே போகும் 78 பாகை தீர்க்கரேகை ஒரு கை, சென்னைக்குச் சற்று மேற்கே போகும் 80 பாகை தீர்க்கரேகை மறு கை. இரண்டும் பூமத்திய ரேகையைச் சரியாக 90 பாகையில் வெட்டுகின்றன. அங்கே இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 222 கிலோமீட்டர். சென்னை இருக்கும் அட்சரேகைக்கு வரும்போது 217 ஆகிவிடும். வட துருவத்தில் முட்டிக்கொள்ளும். தென் துருவத்திலும் முட்டும். மேலே முட்டினால் கீழேயும் முட்ட வேண்டும் என்று நான் முன்னால் சொன்னது இங்கே அப்படியே நடக்கிறது. உருண்டையின் மேல் இரண்டு "நேர்க்கோடுகள்" இரண்டு இடத்தில் சந்திக்கத் தடையில்லை, அவ்வளவுதான். தாளில் அந்தத் தடை இருக்கிறது.

நான் மேலே இரண்டு வெவ்வேறு கூற்றுகள் என்று சொன்னதற்கும் நீண்ட கதை உண்டு. கோணம் சமம் என்றால் இணை என்பதை யூக்ளிட் தன் முதல் புத்தகத்தின் 27, 28ஆம் கூற்றுகளில் எளிதாக நிரூபித்துவிட்டார். இணை என்றால் கோணம் சமம் என்னும் 29ஆம் கூற்றுக்கு வந்தபோது, நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்ட ஐந்தாவது எடுகோளை அவர் முதன்முறையாகத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்று அதை இன்று எளிமையாகச் சொல்கிறோம். இதை மற்ற எடுகோள்களிலிருந்து நிரூபித்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் பலர் முயன்று தோற்றார்கள். 1829இல் ரஷ்யாவில் லோபசெவ்ஸ்கியும் 1832இல் ஹங்கேரியில் போயாயும், ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகள் போகும் வடிவியலை முரண்பாடு இல்லாமல் கட்டிக்காட்டினார்கள். உங்கள் மகளுக்கு இது இப்போது வேண்டாம். ஆனால் என்றைக்காவது "ஒன்றுதான் வரைய முடியும் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால், கேள்வி சின்னதில்லை என்று தட்டிக்கொடுங்கள்.

என் பதிலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. சொல் தெரியாமல் தவறினாளா, அவசரத்தில் தவறினாளா, கோணம் என்பதே இன்னும் பிடிபடவில்லையா என்று இரண்டு விடைகளை வைத்துச் சொல்ல முடியாது. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு வெள்ளைத்தாளில் சாய்வாக ஒரே ஒரு கோடு போட்டுக் கொடுத்து, "இதற்குச் செங்குத்தாக ஒன்று வரை" என்று மட்டும் சொல்லுங்கள். தாளின் ஓரத்துக்கு நேராக நிமிர்ந்த கோடு வரைந்தால் சொல்தான் சிக்கல், ஏணியும் நோட்டைத் திருப்புவதும் போதும். சரியாக வரைந்துவிட்டால் தேர்வில் அவசரப்பட்டிருக்கிறாள். எப்படி வரைவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தால் கோணத்திலிருந்தே தொடங்க வேண்டும். காகித மடிப்போடு தொடங்குங்கள், கோணமானியை ஒரு வாரம் கழித்து எடுக்கலாம்.

இப்போது மதிப்பெண். இரண்டாவது படத்தில் மூலையில் குட்டிச் சதுரம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது செங்கோணம் என்பதற்கான குறி, ஆகவே அந்த விடை தவறுதான், அதற்காகப் போக வேண்டாம். முதல் படத்தில் இணை என்பதற்கான அம்புக்குறியும் இல்லை, கோண அளவும் இல்லை, நீட்டிப் பார்க்கச் சொல்லவும் இல்லை என்றால், கண்ணால் பார்த்து முடிவு செய்யும்படி கேள்வி அமைந்துவிட்டது. மூன்று பாகைச் சாய்வைக் கண்ணால் பிடிப்பது பெரியவர்களுக்கே சிரமம். அதை டீச்சரிடம் பணிவாகக் கேட்கலாம், மதிப்பெண்ணுக்காகக் கேட்க வேண்டாம், "இந்தப் படத்தில் எதை வைத்து முடிவு செய்ய வேண்டும், டீச்சர்?" என்று. உங்களைவிட உங்கள் மகளே கேட்டால் இன்னும் நல்லது. செய்தித்தாளில் நீட்டி வரைந்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.